ஹியரிங் தேதிக்கான கட்டம்

வரி நோட்டீஸ் வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது தொகையைத்தான். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன். எந்தப் பிரிவில் வந்திருக்கிறது, பதிலுக்கு எந்தத் தேதி, ஹியரிங் (அதிகாரி நேரில் கூப்பிட்டு நம் பக்கத்தைக் கேட்பது) எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்ற கட்டங்கள்தான் முதலில்.

மும்பையில் சயான் ஸ்டேஷன் பக்கம் சின்ன ஆபீஸ் ஒன்றில் ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள். இவர்களுக்கு வரும் நோட்டீஸ்களில் ஹியரிங் தேதிக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று போட்டிருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். சில நோட்டீஸ்களில், பதில் தரக் கடைசி நாளுக்கு முன்னாலேயே ஹியரிங் வைத்திருப்பார்கள். பதிலே கைக்கு வராமல் எதைக் கேட்டு விசாரிப்பது?

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 75(4) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வரி கட்டவேண்டியவர் எழுத்தில் கேட்டால் ஹியரிங் கொடுக்கவேண்டும். அவர் கேட்காவிட்டாலும், அவருக்குப் பாதகமான முடிவை எடுக்க நினைத்தாலே கொடுத்தாகவேண்டும். பதில் அனுப்பும் படிவத்தில் ஹியரிங் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பயத்தில் பலர் 'வேண்டாம்' போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டிருந்தாலும் பாதகமான உத்தரவுக்கு முன் ஹியரிங் கொடுத்தே ஆகவேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் 'வேண்டும்' என்று போடுவதுதான் நல்லது. பதிலின் முதல் பத்தியிலும் அதையே எழுதிவிடுவேன்.

தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் குருணை வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கும் அப்படித்தான் எழுதினோம். 2018-19ஆம் ஆண்டுக்கான நோட்டீஸ், 2024 ஜனவரியில் வந்தது. பிவண்டியில் அவருக்குச் சரக்கு கொடுத்தவரின் ஜிஎஸ்டி பதிவைப் பழைய தேதியிட்டு ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கொள்முதலுக்கு அண்ணாச்சி எடுத்த உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) செல்லாது, 6,40,000 ரூபாய் வரியோடு வட்டியும் அபராதமும் கட்டு என்றது நோட்டீஸ். பில், பேங்க் ஸ்டேட்மென்ட், சரக்கை வண்டியில் அனுப்ப எடுக்கும் இ-வே பில், எடைமேடைச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்துப் பதில் அனுப்பினோம். ஹியரிங் கேட்டோம். யாரும் கூப்பிடவில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் உத்தரவு வந்தது. நோட்டீஸில் இருந்த அதே பத்திகள், கடைசியில் 'பதில் திருப்திகரமாக இல்லை' என்று ஒரு வரி. ஏன் திருப்தி இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. உத்தரவில் சங்கதிகளும் முடிவுக்கான காரணமும் இருக்கவேண்டும் என்று 75(6) சொல்கிறது.

ஏப்ரல் கடைசி என்பது தற்செயல் இல்லை. 2018-19ஆம் ஆண்டுக்கான உத்தரவுகளைப் போட 2024 ஏப்ரல் 30தான் கடைசி நாள். மேஜையில் கட்டுக்கட்டாய் ஃபைல் இருக்கும்போது அதிகாரிக்கும் நெருக்கடிதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அவசரத்தின் செலவு அண்ணாச்சி தலையில் விழுகிறது. மேல்முறையீட்டுக்குப் போக, தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்டவேண்டும். 64,000 ரூபாய். கையில் சரக்கு வாங்க வைத்திருந்த பணம் அது.

மேல்முறையீட்டில் எப்படியும் கேட்கப் போகிறார்களே, அப்புறம் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். டின் பாக்ஸ் கம்பெனி என்ற வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. கீழே சரியான வாய்ப்புக் கொடுக்காததை, மேலே வாய்ப்புக் கிடைத்தது என்று சொல்லிச் சரிக்கட்ட முடியாது. ஜிஎஸ்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் மேல்முறையீட்டு அதிகாரி வழக்கைக் கீழே திருப்பி அனுப்ப முடியாது. அதற்கும் மேலே போகாவிட்டால், இழந்த அந்தப் படி இழந்ததுதான்.

இடையில் 2024 பட்ஜெட்டில் ஒரு சலுகை வந்தது. முழு வரியையும் கட்டி, மேல்முறையீட்டையும் வாபஸ் வாங்கினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. அண்ணாச்சியிடம் சொன்னேன். "சரக்கு வந்துச்சு தம்பி. துட்டு பேங்க் வழியாத்தான் போச்சு, வரியோட சேத்துத்தான் கொடுத்தேன். நான் ஏன் ரெண்டாவது தடவ கட்டணும்? என்னக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்கச் சொல்லு" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது தள்ளுபடி இல்லை.

மேல்முறையீட்டில் ஹியரிங் நடந்தது. நான் போய்க்கொள்கிறேன் என்று சொல்லியும் அண்ணாச்சி வருவேன் என்று நின்றார். அதிகாரி நிதானமானவர். ஒரே நாள் தேதியிட்ட இரண்டு பில்களை எடுத்து, ஒரே சரக்குக்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று கேட்டார். என் பதிலில் அதற்கு விடை இல்லை, நோட்டீஸில் அந்தக் கேள்வியே இல்லையே. அண்ணாச்சி அனுமதி கேட்டு, பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில் பால் மாதிரி வெள்ளைக் குருணை, மற்றதில் கறுப்பு. தாராவி இந்தியில் விளக்கினார்: வெள்ளையில் எந்தச் சாயமும் ஏற்றலாம், அதனால் விலை கூட; கறுப்பு என்பது கலவைக் கழிவை உருக்கியது, வாளிக்கும் பைப்புக்கும்தான் போகும். பிறகு எடைச்சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் டெம்போ நம்பர், சரக்கோடு எடை, இறக்கியபின் வெறும் வண்டி எடை, இரண்டுக்கும் நேரம். அந்தச் சீட்டின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அண்ணாச்சியின் மகள் அப்போதைக்கப்போது ஜெராக்ஸ் எடுத்து, பில்லோடு பின் பண்ணி வைத்திருந்தாள். அதிகாரி வண்டி நம்பர்களை இ-வே பில்லோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

எனக்கு அங்கே 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிஷின்சந்த் சேலாராம் வழக்குதான் ஞாபகம் வந்தது. மெட்ராஸிலிருந்து பம்பாய்க்குத் தந்தி மூலம் வந்த 1,07,350 ரூபாய் உன்னுடையதுதான் என்று ஒரு வியாபார நிறுவனத்தின் மேல் வரி போட்டார்கள். துறை பெரிதும் நம்பியது ஒரு வங்கி மேனேஜரின் கடிதங்களை. வரி கட்டுபவரிடம் காட்டாத, அந்த மேனேஜரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தராத கடிதங்களை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். நமக்கு எதிராக என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? பிவண்டிக்காரரின் பதிவு ஏன் ரத்தானது என்ற விசாரணை அறிக்கையை நாங்கள் கேட்டதும் அதனால்தான். மேல்முறையீட்டில்தான் அது கைக்கு வந்தது. அவருடைய கடை பூட்டிக் கிடந்தது என்று அதில் இருந்தது. அதிகாரி போய்ப் பார்த்த தேதி, அண்ணாச்சியின் கடைசிக் கொள்முதலுக்குப் பல மாதம் கழித்து.

ஹியரிங் முடிந்ததும் ஒரு பதிவுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் படிக்காமல் யாரும் போடக்கூடாது. 'கட்சிக்காரர் வந்தார், பதிலை மீண்டும் வலியுறுத்தினார்' என்று மட்டும் இருந்தால், காட்டிய ஆவணங்களை அதிலேயே எழுதச் சொல்லுங்கள், ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாத நாள் என்றால் காரணத்தை எழுதிக் கொடுத்துத் தள்ளிவைக்கச் சொல்லலாம், மூன்று தடவை வரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வக்கீலோ ஆடிட்டரோதான் போகவேண்டும் என்றும் இல்லை. 116ஆம் பிரிவில் உறவினருக்கும் கடையில் நிலையாக வேலை பார்ப்பவருக்கும் இடம் இருக்கிறது. கணக்குத் தெரிந்த மகளை அனுப்பலாம்.

உத்தரவு பின்னால் வந்தது. சீட்டும் இ-வே பில்லும் ஒத்துப்போன கொள்முதலுக்கெல்லாம் வரவை ஏற்றுக்கொண்டிருந்தார், வண்டி நம்பரோடு பட்டியல் போட்டு. சீட்டு இல்லாத சில பில்களுக்கு வரி நின்றது, ஏன் என்று அதற்கும் காரணம் எழுதியிருந்தார். அண்ணாச்சி அந்தப் பக்கத்தை என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். "இது சரிதான், அதுக்குச் சீட்டு இல்ல" என்றார். முன்பணத்தில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லி, மீதிக்கு ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டோம். முதல் அதிகாரிக்கு அனுப்பிய பதிலிலும் இதே சீட்டுகள்தான் இருந்தன.