எழுபது கொண்டை ஊசியும் ஒரு நட்டும்

இருபத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், எதிரே இறங்கி வந்த மினி பஸ்ஸின் பம்பரைக் கை நீட்டித் தொட்டிருக்கலாம். அவ்வளவு பக்கம். இடது பக்கம் ஒடிக்கிறேன், வண்டி நேராகத்தான் போவேன் என்று அடம் பிடிக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கி உள்ளே விழப் பார்க்கிறது. நிமிர்த்துவதற்குள் ரோட்டின் பாதியைத் தாண்டிவிட்டேன். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மச்சினன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, நீங்க நெசமாவே எட்டு போட்டுத்தான் லைசென்ஸ் வாங்கினீங்களா?"

கொல்லிமலைப் பயணத்தை நாள்வாரியாக, செலவுக் கணக்கோடு, எங்கே தங்கலாம் என்ன சாப்பிடலாம் என்று ஒழுங்காக எழுதுவதாகத்தான் இருந்தேன். திரும்பி வந்து ரெண்டு நாள்தான் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் கோபத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது எட்டு வருடப் பழைய 150 சிசி வண்டி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் திருச்சியில் சர்வீஸுக்கு விட்டேன். ஒரே ஒரு புகார்தான் சொன்னேன்: முன் பிரேக்கைப் பிடித்தாலும், வேகத்தடையில் இறங்கினாலும், ஹேண்டிலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். மறுநாள் வண்டி வந்தது, பில் 1,860 ரூபாய். சத்தம் சுத்தமாக இல்லை. "ஹேண்டில் கொஞ்சம் டைட்டா இருக்கே தம்பி?" என்று கேட்டதற்கு, "புதுசு மாதிரி ஆயிருச்சு சார், அதான்" என்றான் பையன். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வந்தேன். டவுனுக்குள் முப்பது நாற்பதில் ஓட்டும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. யு டர்ன் போடும்போது மட்டும் தோள்பட்டை கொஞ்சம் வலித்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரெண்டு பேர், ரெண்டு நாள், மொத்தம் 3,500 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் போகும் ரோடு அருமையான ரோடு. இடது பக்கம் காவிரி, வாழைத் தோப்பு, கோரை வயல். குணசீலம் தாண்டி அறுபதைத் தொட்டதும் வண்டி தள்ளாட ஆரம்பித்தது. பெரிய ஆட்டம் இல்லை. லேசாக இடது பக்கம் போகும், நான் திருத்துவேன், கொஞ்சம் அதிகமாகத் திருத்திவிடுவேன், வலது பக்கம் போகும், மறுபடி திருத்துவேன். நேர் ரோட்டில் பாம்பு மாதிரி. ஆற்றங்கரைக் காற்று என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை.

முசிறியில் காற்று பார்த்தோம். முன்னால் 25, பின்னால் 32, எல்லாம் சரி. இதை முதலில் பார்த்ததில் தப்பில்லை. முன் டயரில் காற்று குறைந்தாலே ஹேண்டில் களிமண்ணில் ஓட்டுகிற மாதிரி கனக்கும். காசு செலவாகாத சோதனை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனையும்கூட.

அடுத்தது சுமை. மச்சினன் 85 கிலோ. அதற்கும் பின்னால், கேரியரில், அவனுடைய பை. ரெண்டு நாளைக்கு எதற்கடா பன்னிரண்டு கிலோ என்று கேட்டால் பதில் இல்லை. பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் பாரம் தொங்கினால் தராசுத் தட்டு மாதிரி முன்பக்கம் எழும்பிக்கொள்ளும். முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்காது, ஹேண்டில் காற்றில் மிதக்கும். தொட்டியத்தில் நிறுத்தி, பையைப் பிரித்துக் கனமானதையெல்லாம் டேங்க் மேல் கட்டினோம். கொஞ்சம் தேவலை. ஆனால் தள்ளாட்டம் போகவில்லை. ஹேண்டில் மிதந்தால் லேசாக அல்லவா இருக்க வேண்டும்? என்னுடையது கனத்துக்கொண்டே தள்ளாடியது. அங்கேயே யோசித்திருக்க வேண்டும். பசி, யோசிக்கவில்லை.

நாமக்கல்லில் சாப்பாடு. முட்டை ஊராச்சே என்று ஆசையாக முட்டைக் குழம்பு கேட்டேன். அதைவிட என் மனைவி கோபத்தில் வைக்கும் குழம்பு நன்றாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு டயர் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் முன் டயரைத் தடவிப் பார்த்து, "நடுவுல தேஞ்சு தட்டையாயிருச்சுங்க, மாத்திருங்க, 2,100" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நேர் ரோட்டிலேயே ஓடிய டயர் நடுவில் தட்டையாகும். அப்புறம் சாய்க்கும்போது அந்த ஓரத்தில் ஏறி, சட்டென்று விழும். ஆனால் என் டயர் அப்படியொன்றும் மோசமில்லை, 2,100 கொடுத்தால் மலைக்கு நடந்துதான் போக வேண்டும். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அடிவாரத்திலிருந்து எழுபது வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டும் குரங்குக்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டும் (போடாதீர்கள்) ஏறினார்கள். நான் ஒவ்வொரு பலகையையும் பரீட்சை வினாத்தாள் மாதிரி பார்த்துக்கொண்டு ஏறினேன். மினி பஸ் கதைக்கு அப்புறம் மச்சினனை இறங்கச் சொல்லி, பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தனியாக, முதல் கியரில், எழுபதாவது வளைவைத் தாண்டும்போது சட்டை முழுக்க வியர்வை. மலைக்காற்று ஜில்லென்று அடிக்கிறது, எனக்கு மட்டும் மே மாதம்.

மலை மேலே, சோளக்காடு என்ற ஊரில் மச்சினன் எனக்காகக் காத்திருந்தான், கையில் ஒரு டம்ளரோடு. முடவாட்டுக்கால் சூப்பு. கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு கிழங்கு அது. பழுப்பு மயிர் மூடி, பார்ப்பதற்கு அசல் ஆட்டுக்கால். தோலைச் சீவிவிட்டு நசுக்கி, கொல்லிமலை மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் நல்லி எலும்பு சூப்பேதான். முட்டி வலிக்கு நல்லது என்று சூப்பு விற்ற அக்கா சொன்னார்கள். முட்டிக்கு என்ன ஆனதோ தெரியாது, நடுங்கிக்கொண்டிருந்த என் கை நின்றது. ஒரு டம்ளர் 30 ரூபாய், நான் மூன்று குடித்தேன். இந்தப் பயணத்தில் வருத்தமே படாத ஒரே செலவு.

அடுத்து குட்டி யானைக்காரர், அதாவது சின்ன சரக்கு வண்டிக்காரர். இந்த வண்டியில் கீழே இறங்க எனக்குத் தைரியம் இல்லை. நாமக்கல்லில் கொண்டு விட எவ்வளவு என்று கேட்டேன். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "நாலாயிரமுங்க."

"அண்ணே, எங்க ரெண்டு பேரோட மொத்தப் பயணமே மூவாயிரத்தைநூறுதான்."

"அப்ப மூவாயிரத்தைநூறே குடுங்க."

சிரிக்கவும் இல்லை மனுஷன். என் ஜாதகத்தையே கையில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசினார். ஆனால் போகிறபோக்கில், "செம்மேட்டுல ஒரு பழைய மெக்கானிக் இருக்காருங்க, காட்டிப் பாருங்களேன்" என்று சொன்னதும் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காக நாலாயிரத்தை மன்னிக்கிறேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரை மேல் சிலையாக நிற்கிறார். அவர் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சங்கப் பாட்டில் வரும். குதிரை கடிவாளத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும், அதனால் பெயர் வைத்தார். நான் என் வண்டிக்கு அன்று வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

பெயர்ப்பலகைகூட இல்லாத தகரக் கொட்டகை. அறுபது வயதிருக்கும் அவருக்கு. நான் காற்று, பை, டயர் என்று மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நானு ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கட்டுங்களா தம்பி" என்றார். ஓட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது. நடக்கிற வேகத்தில் ஒரு ஐம்பது அடி போனார், வந்தார். அதற்குள் வண்டி நாலு தடவை இப்படியும் அப்படியும் அலைந்தது.

"சர்வீஸ்ல கோன் செட்டு நட்டைத் தொட்டாங்களா?"

கோன் செட்டு என்றால் ஹேண்டில் திரும்புவதற்காக அதன் கழுத்தில் இருக்கும் பால் பேரிங். அதை இறுக்கிப் பிடிப்பதுதான் அந்த நட்டு. எனக்குப் பொறி தட்டியது. அந்த 'டக்' சத்தம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டார். மச்சினனைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார், முன் சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த 85 கிலோ பிரயோஜனப்பட்டது. ஹேண்டிலை நேராக வைத்து ஒற்றை விரலால் லேசாகத் தள்ளினார். தள்ளிய இடத்திலேயே நின்றது. மறுபக்கம் தள்ளினார், அங்கேயும் நின்றது. "தானா ஓடிப் போய் விழோணுமுங்க. இது நிக்குது பாருங்க" என்றார். அப்புறம் கீழே குந்தி, முன் சக்கரத்தைத் தாங்கும் ரெண்டு ஃபோர்க்கின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். அந்த நட்டு லூசாக இருந்தால் அங்கே ஆடும், டக்கென்று கேட்குமாம். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி பேரிங் பார்த்தார். ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் எதுவும் இழுக்கிறதா, ஆயில் சீலில் கசிவு உண்டா என்று பார்த்தார். பின் டயரிலிருந்து முன் டயர் வரை நூல் பிடித்து ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தார். எல்லாம் பத்து நிமிஷம். ஒரு கம்ப்யூட்டர் கிடையாது.

நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி விரலால் தள்ளினார். இப்போது ஹேண்டில் தானாக விழுந்தது. ஆனால் நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி, 'கிளிக்' என்று உட்கார்ந்து, அப்புறம்தான் நகர்ந்தது. என் விரலைப் பிடித்து ஹேண்டிலில் வைத்து, "தெரியுதுங்களா?" என்றார். தெரிந்தது. கதவுத் தாழ்ப்பாள் குழியில் விழுகிற மாதிரி ஒரு சின்ன இடறல்.

கழற்றிக் காட்டியபோதுதான் முழுசாகப் புரிந்தது. அடிக் கிண்ணத்தில், பால்ஸ் (பேரிங்கின் இரும்புக் குண்டுகள்) ஓடுகிற வழவழப்பான பாதையில், வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். நகத்தை வைத்தால் மாட்டுகிறது. எட்டு வருடமாக நேர் ரோட்டில் ஓடும்போது பால்ஸ் ஒரே இடத்தில் நிற்கிறது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதே இடத்தில் இடி வாங்குகிறது. குழி விழுந்து இடைவெளி வந்ததால்தான் அந்தச் சத்தம். கோன் செட்டை மாற்ற வேண்டிய இடத்தில், சர்வீஸ் பையன் நட்டை முறுக்கிச் சத்தத்தை மட்டும் அமுக்கியிருக்கிறான். பால்ஸ் குழிக்குள் இன்னும் அழுந்தி உட்கார்ந்துகொண்டது. இருசக்கர வண்டி நேராகப் போவதே ஹேண்டில் நமக்குத் தெரியாமல் சின்னச் சின்னதாகத் திரும்பிச் சமாளிப்பதால்தானாம். அதை இறுக்கிக் கட்டிவிட்டால் வண்டி தள்ளாடாமல் என்ன செய்யும்? இதற்கு 1,860 ரூபாய்!

என் வண்டிக்கான கோன் செட்டு அங்கே கிடைக்கவில்லை. அவர் செய்ததைப் பார்த்து வாயைப் பிளந்தேன். கிண்ணத்தைத் தட்டி வெளியே எடுத்து, ஒரு விரற்கடை அளவு சுழற்றித் திருப்பி அடித்தார். பழைய குழியெல்லாம் இடம் மாறிவிட்டது, நேராக ஓடும்போது பால்ஸ் நிற்கிற இடத்தில் இப்போது வழவழப்பான பாதை. மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அப்பி, நட்டை முதலில் இறுக்கி, அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் விட்டு, விரலால் தள்ளி, மறுபடி ஒரு நூல் முறுக்கி, மறுபடி தள்ளி, நகை செய்கிற ஆசாரி மாதிரி உட்கார்ந்திருந்தார். "இது ஊருக்குப் போய்ச் சேரத்தானுங்க. போனதும் புதுசு போட்டுருங்க. போட்டு ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு நட்டை இன்னொருக்கா பாக்கச் சொல்லுங்க, புதுசு ஒக்காரும்." ரெண்டரை மணி நேர வேலைக்கு 400 கேட்டார். 500 கொடுத்தேன். மச்சினன் கண்ணாலேயே கணக்குப் போட்டான், பேசாமல் இரு மாப்ள என்று கண்ணாலேயே சொன்னேன்.

ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் மறுநாள் போனோம். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்கும்போது வீரம், ஏறும்போது மூச்சு வாங்கி மச்சினன் ஒவ்வொரு இருபது படிக்கும் இயற்கையை ரசித்தான். தனியாக எழுதுகிறேன்.

இறங்கியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு. பார்வையைத் திருப்பினால் வண்டி திரும்புகிறது. விரல் நுனியில் ரோட்டின் சொரசொரப்பு தெரிகிறது. இருபத்து மூன்றாவது வளைவில் வேண்டுமென்றே ஓரமாக நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டேன். 3,500 ரூபாயில் கையில் மிச்சம் 140, கோன் செட்டுக்குக் கடனாக மச்சினனிடம் 400.

முசிறியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "சார், போன வாரம் எங்ககிட்ட சர்வீஸ் பண்ணியிருக்கீங்க. பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" டீ ஆறும்வரை நட்டு, பால்ஸ், குழி, மினி பஸ் எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓகே சார், அப்ப ஒன்பது போட்டுக்கட்டுமா?" என்றாள்.