ஆராத்தில் படுக்கவைத்த பீடங்கள்

எங்கள் இஸ்ரேல் பயணத் திட்டத்தில் ஆராத் என்ற பழைய பட்டணத்தின் இடிபாடு கிடையாது. பெயெர்செபாவிலிருந்து சாக்கடலுக்குப் போகும் வழியில், கூட வந்த எங்கள் சபை ஐயர்தான் டிரைவரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கினார். மோசேயின் மாமனார் வழிவந்த கேனியர், யூதா புத்திரரோடு பேரீச்சமரங்களின் பட்டணத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறினார்கள். வேதாகமத்தில் நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் ஒரே வசனம். எத்தனையோ தடவை வாசித்துத் தாண்டியிருக்கிறேன். அன்று அந்தப் பொட்டல் வெளியைப் பார்த்ததும், இங்கே ஆட்டுக்குத் தண்ணீர் எங்கே தேடியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

சரிவில் கானானியர் பட்டணம். இஸ்ரவேலருக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் மூத்தது. உச்சியில் யூதா ராஜாக்களின் கோட்டை. அதற்குள்ளே ஓர் ஆலயம்! எருசலேமைத் தவிர ஆலயமே இல்லை என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்து வளர்ந்தவன் நான்.

முற்றத்துப் பலிபீடம் உளி படாத கல்லும் மண்ணுமாக, யாத்திராகமம் சொல்கிறபடியே இருந்தது. மேற்கே ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம், எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமைவிடச் சின்னது. படியில் இரண்டு தூபபீடங்கள், உள்ளே நிமிர்த்தி நட்ட ஒரு கல். எங்களோடு வந்த பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற தரையில் கால் மாற்றி மாற்றி நின்றார். "இதெல்லாம் நகல்தான் பெரியம்மா" என்றேன். "இடம் நகல் இல்லையே" என்றார்.

1960களில் தோண்டியபோது அசல் தூபபீடங்கள் பக்கவாட்டில் படுக்கவைத்துப் புதைக்கப்பட்டிருந்தன. யூதாவின் ராஜா எசேக்கியா, எருசலேமுக்கு வெளியே இருந்த வழிபாட்டு மேடைகளை அகற்றிய காலத்தில் நடந்தது என்று பலர் சொல்கிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. எனக்கு யார் ராஜா என்பதைவிட, சுத்தியலை எடுக்காத அந்தக் கைதான் மனதில் நின்றது.

இரண்டு நாள் கழித்து எருசலேம் அருங்காட்சியகத்தில் அசலையே பார்த்தோம். பீடங்களின் மேல் கறுப்பாகப் படிந்த கறை. 2020இல் வெளிவந்த ஆய்வின்படி பெரியதில் குந்திரிக்கமும் மிருகக் கொழுப்பும், சின்னதில் சாணத்தோடு கஞ்சாவும் எரிந்திருக்கின்றன. எங்கள் குழுவின் இளவட்டங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! ஐயர் தொண்டையைச் செருமினார்.

பெரியம்மா எதையும் கவனிக்கவில்லை. கண்ணாடியருகே குனிந்து, "உடைக்க மனசு வரலை போல" என்றார்.