பக்கத்து சீட்டில் இருப்பவர்

பயணத்தில்தான் ஒரு மனிதனின் உண்மையான குணம் தெரியும் என்று பலரும் சொல்வதுண்டு. வேலைக்காக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கழிப்பவன் நான். எனக்கு அந்த வாக்கில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பயணத்தில் தெரிவது குணமா, அல்லது அந்த நேரத்து இக்கட்டா என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை.

நான் பார்ப்பது இயந்திரங்களை நிறுவிப் பராமரிக்கும் வேலை. தொழிற்சாலை எங்கே இருக்கிறதோ அங்கே போயாக வேண்டும். ரயில், விமானம், இரவு பஸ், எது கிடைக்கிறதோ அது. லேப்டாப்பில் ரிப்போர்ட் எழுதலாம் என்று உட்காருவேன். நாலு வரி எழுதுவதற்குள் எதிரே நடக்கும் ஏதோ ஒன்று கண்ணை இழுத்துவிடும்.

அதிகம் கற்றுக்கொண்டது காத்திருக்கும் இடங்களில்தான். திரையில் ‘தாமதம்’ என்று மட்டும் போட்டுவிட்டு ஒரு விவரமும் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் எல்லோரும் பொறுமையாகத்தான் இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்து கவுன்ட்டருக்குப் போவார். திரும்பி வரும்போது அவரைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடிவிடுவார்கள். அதுவரை யாருமே கவனிக்காத மனிதர், இப்போது கூட்டத்தின் தலைவர். “டெக்னிக்கல் பிரச்சினையாம்” என்பார். அது அடுத்த வரிசைக்குப் போகும்போது “எஞ்சினே மாற்றணுமாம்” என்றாகிவிடும். குரல்கள் உயரும். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்கும் விவரம் தெரியாது, பாவம், திட்டு மட்டும் அவருக்கு.

அப்புறம் ஒரு அறிவிப்பு வரும்: இரண்டு மணி நேரம் தாமதம், மாற்று விமானம் வந்துகொண்டிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இப்போதுதான் கோபம் வர வேண்டும். ஆனால் சத்தம் அடங்கிவிடுகிறது. பையைத் தலைக்கு வைத்துச் சிலர் படுத்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போன் செய்கிறார்கள். சற்று முன் கத்தியவர் பக்கத்துக் குழந்தைக்குத் தன் இடத்தைக் கொடுக்கிறார். அவருடைய குணமா மாறிவிட்டது? காத்திருப்பின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-இல் எழுதியது இதைத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளமாகப் படும். காரணம் சொல்லாத காத்திருப்பு சொன்னதைவிட நீளமாகப் படும்.

இதை நான் வேலைக்கே எடுத்துக்கொண்டுவிட்டேன். இயந்திரம் நின்றுபோன இடத்தில் பொறுப்பாளர் நம் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். “எப்போ சரியாகும்?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். எப்போது சரியாகும் என்பது எனக்கே தெரியாது. அதனால் “பதினோரு மணிக்கு வந்து நிலைமையைச் சொல்கிறேன், சார்” என்பேன். பதினோரு மணிக்குச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போய், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பேன். மனிதர் அறைக்குப் போய்விடுவார். எனக்கும் ஸ்க்ரூவைக் கழற்றக் கை நடுங்காது.

சீட் எண் கையிலேயே இருந்தும் போர்டிங் தொடங்கும் முன்பே வரிசையில் போய் நிற்பவர்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் வரிசையில் நிற்பவர்கள் பக்கம். அவர்கள் அவசரப்படுவது சீட்டுக்காக இல்லை, தலைக்கு மேலே பை வைக்கும் இடத்துக்காக. அது எண் போட்டு ஒதுக்கப்படுவதில்லை, முந்தியவருக்கே கிடைக்கும். ஜேசன் ஸ்டெஃபன் என்ற இயற்பியலாளர் விமானத்தில் ஆட்களை ஏற்றும் முறைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நடைபாதையில் நின்று பையை மேலே ஏற்றும் நேரம்தான் தாமதத்துக்கு முக்கியக் காரணம், ஒரே சமயத்தில் பலர் பை வைக்கும்படி ஆட்களை வரிசைப்படுத்தினால் வேகமாக முடியும் என்பது அவர் சொன்னது. கைப்பிடிக்காக முழங்கைகள் பேசாமல் போடும் சண்டையும் இதே ரகம். எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1960-களில் மனிதர்களுக்கிடையிலான இடைவெளியை அளந்து வகைப்படுத்தினார். சுமார் 45 சென்டிமீட்டருக்குள் வர நமக்கு மிக நெருங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார். அமெரிக்கர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது, ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த எல்லைக்குள் ஒரு அந்நியரை நாலு மணி நேரம் உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் விறைத்துத்தான் போவார்கள். கண்ணை மூடிக்கொள்வது, ஹெட்போன் மாட்டுவது, விரித்த செய்தித்தாளைப் பக்கம் திருப்பாமலேயே வைத்திருப்பது எல்லாம் சுவர் எழுப்பும் வேலைதான்.

அதே சுவர் சில சமயம் தானாக இடிந்தும் விழும். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வாழ்க்கையையே கொட்டிவிடுவார்கள். வேலையை விடப்போகிறேன், இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தம்பியோடு பேசிப் பல வருடமாகிறது, இப்போது அவனைப் பார்க்கத்தான் போகிறேன் என்றார் ஒரு பெரியவர். ஜெர்மன் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1908-லேயே இதைக் கவனித்திருக்கிறார். நெருங்கியவர்களிடம் மறைக்கும் விஷயத்தை அந்நியனிடம் மனம் திறந்து சொல்லிவிடுவார்கள் என்றார். அவன் நம் வட்டத்தில் இல்லை, நாளைக்கு அதை வைத்து நம்மிடம் பேசப்போவதும் இல்லை. ஸிக் ரூபின் என்ற உளவியலாளர் விமான நிலையக் காத்திருப்புக் கூடத்தில் பயணிகளிடம் தங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொன்ன ஆய்வு 1975-இல் வெளிவந்தது. ஆய்வாளர் முதலில் தன்னைப் பற்றிச் சொந்த விஷயமாக எழுதிக் காட்டினால் பயணிகளும் அதே ஆழத்துக்கு இறங்கினார்கள். அவர் அளவு மீறிப் போனபோது சிலர் பின்வாங்கினார்கள்.

என் அனுபவத்தில் இதற்கு ஒரு உபவிதி உண்டு. பேச்சின் தொடக்கத்திலேயே விசிட்டிங் கார்டு கைமாறிவிட்டால் போச்சு. அதன் பிறகு கம்பெனி, பிராஜெக்ட், சந்தை நிலவரம் என்று மேலோட்டமாகவே ஓடும். பெயர் தெரியாதவரை பேச்சுக்கு உயிர் இருக்கும். நெஞ்சைத் திறந்து பேசியவர்கள் இறங்கும்போது பெரும்பாலும் நம்பர் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. அது மரியாதைக் குறைவாக எனக்குப் படவில்லை, அந்தப் பேச்சுக்கான வாடகை அதுதான்.

அறிமுகமான அந்நியர்கள் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஒரே அதிகாலை ரயிலில், ஒரே பெட்டியில் வருடக்கணக்காகப் பார்க்கும் முகங்கள். சிரிப்புகூட இருக்காது. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1972-இல் இவர்களைப் பற்றி எழுதினார். வழக்கமான இடத்தைவிட்டுத் தொலைவில் சந்தித்தால் இவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்றார். வேறொரு ஊர் ஸ்டேஷனில் அப்படி ஒருவரைப் பார்த்தபோது இருவரும் பழைய நண்பர்களைப் போலக் கைகொடுத்துக்கொண்டோம். ஊர் திரும்பிய வாரம் அதே ரயிலில் பார்த்தோம், லேசாகத் தலையசைத்தோம், அவ்வளவுதான்.

மற்றவர்களைப் பார்ப்பதைவிடச் சிக்கலானது, உடன் வரும் சக ஊழியர்களைப் பார்ப்பது. அலுவலகத்தில் அதிர்ந்து பேசாத ஒருவர், ஹோட்டல் ரிசப்ஷனில் ரூம் தயாராகவில்லை என்றதும் குரலை உயர்த்துவார். கூட வந்த ஜூனியர் அதைப் பார்த்துவிட்டு, “சார் உண்மையில் இப்படித்தானா?” என்று என் காதில் கேட்பான். அந்த சார் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர், வழியில் சாப்பிடாதவர், மதியம் கோபத்தோடு இருக்கும் கிளையன்ட் முன்னால் உட்காரப் போகிறவர் என்பது அவனுக்குத் தோன்றாது. அதே மனிதர் வேலை முடிந்து திரும்பும் வழியில் டிரைவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார், ஜன்னல் சீட்டை அந்த ஜூனியருக்கே விட்டுக்கொடுப்பார். போகும்போது இருந்தவரா, வரும்போது இருப்பவரா, எது அசல்? இரண்டுமே அவர்தான். அதற்காக ரிசப்ஷனில் கத்தியது சரி என்று ஆகிவிடாது. அந்த ஊழியரும் அதிகாலையில் எழுந்து வந்தவராக இருக்கலாம்.

அதனால் சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். போகும் வழியில் சம்பள உயர்வு, பழைய தவறு, யார் மேல் குறை என்று எதையும் பேசமாட்டேன். அதெல்லாம் திரும்பும்போது. பயணத்தில் ஒருவர் மனம்விட்டுச் சொன்னதை அலுவலகத்தில் நானாக எடுக்கமாட்டேன். ஒரே ரூமில் தங்கி விடிய விடியப் பேசியவர் திங்கட்கிழமை எதுவுமே நடக்காததுபோல் ஃபைலை நீட்டினால் வாங்கிக்கொள்வேன்.

புதிதாகச் சேர்பவர்களை என்னோடு அனுப்பிவைப்பது எங்கள் மேலாளரின் வழக்கம். திரும்பியதும் கூப்பிட்டு, “ஆள் எப்படி?” என்பார். வேலை தெரியுமா, எங்கே தடுமாறுகிறான், எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை விவரமாகச் சொல்வேன். “அதை விடுங்க, ஆள் எப்படி?” என்று மறுபடியும் கேட்பார். எந்த நாளில், எத்தனை மணிக்கு, சாப்பிடும் முன்னாலா பின்னாலா என்று நான் திருப்பிக் கேட்பேன். அவருக்கு அது பிடிப்பதில்லை.