தோல்பட்டைக்கு எந்தப் பசை?

ஜனவரி 6

கல்லில் தீட்டிய கத்தியை இழுத்துக் கூரை நேர்த்தியாக்கும் தோல்பட்டை தயார். தட்டையான மரப்பலகையில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலை ஒட்டி, மேலே கனம் வைத்து ஓர் இரவு காயவிட்டிருந்தேன். வழவழப்பான பக்கம் மேலே, சொரசொரப்பான பக்கம் பலகையோடு. மென்மையான, பஞ்சு போன்ற தோல் இதற்கு ஆகாது. கத்தியை இழுக்கும்போது அது அமுங்கி, பின் விளிம்பைச் சுற்றி எழும்பி வந்து கூர்முனையை மழுக்கிவிடும்.

வெறும் தோலிலும் தீட்டலாம். சவரக்கத்திக்காரர்கள் தினமும் செய்வது அதுதான். ஆனால் வெறும் தோல் எஃகை அரிப்பது மிகக் குறைவு. என் கத்திகளுக்கு அரிக்கிற பொடி ஒன்று வேண்டும். அந்தப் பொடியை மெழுகிலோ எண்ணெயிலோ குழைத்ததைத்தான் இங்கே பசை என்கிறேன். எதைப் பூசுவது என்பதுதான் இனி வேலை.

ஜனவரி 8

பச்சை, வெள்ளை, சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று மெழுகுக்கட்டிகள் எல்லா நிறத்திலும் இருக்கின்றன. பச்சை என்றால் பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு, வெள்ளை என்றால் அலுமினியம் ஆக்சைடு, சிவப்பு என்றால் தங்கம், வெள்ளி மெருகேற்றும் இரும்பு ஆக்சைடு. கறுப்பு பொதுவாகக் கரடுமுரடானது. ஆனால் இந்த நிறக்கணக்கை எந்தத் தரநிர்ணயமும் கட்டுப்படுத்தவில்லை. ஒருவர் செய்யும் வெள்ளை இன்னொருவர் பச்சையைவிட நுண்மையாக இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது, அட்டையைப் பார்த்து மாத்திரை விழுங்குகிற மாதிரி.

சிவப்பை இப்போதே ஒதுக்கிவிட்டேன். கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் இரும்பு ஆக்சைடு ஏறக்குறைய 6. நன்றாகக் கடினப்படுத்திய கத்தி எஃகும் அந்த ரகம்தான். பளபளப்பு வரும், வேலை நடக்காது. பழுப்பும் வேண்டாம், அது பித்தளை, அலுமினியம் மாதிரி மெத்தென்ற உலோகங்களுக்கானது.

ஜனவரி 9

மைக்ரான் கணக்கைப் பார்த்தேன். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பச்சைக்கு எல்லோரும் 0.5 மைக்ரான் என்று சொல்வது தூய குரோமியம் ஆக்சைடுப் பொடிக்குப் பொருந்தும். கடையில் கிடைக்கும் பல பச்சைக் கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், அந்தத் துகள்கள் இதைவிடப் பெரிதாகவும் இருக்கும். மெருகேற்றும் இயந்திரச் சக்கரத்துக்காகச் செய்த கட்டி என்றால் இந்தக் கலப்பைச் சாதாரணமாகவே எதிர்பார்க்கலாம்.

இது குறையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீட்டுகல்லில் எண் கூடக் கூடக் கல் நுண்மை. 1000 எண்ணோடு நிறுத்தியவருக்குக் கொஞ்சம் பெரிய துகள் இருந்தால்தான் வேலை சீக்கிரம் முடியும். 8000 வரை ஏறியவருக்கு அதே துகள் பின்னுக்கு இழுக்கும். கல்லை எங்கே விட்டோமோ அங்கிருந்து பசை தொடங்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எது நல்ல பசை என்று கேட்டால் பதில் கிடையாது.

ஜனவரி 13

பச்சைக் கட்டியைக் கிரேயான் மாதிரி தோலில் தேய்த்தேன். மெழுகு இறுகியிருந்ததால் திட்டுத்திட்டாகப் படிந்தது. முடி உலர்த்தியைக் காட்டியதும் இளகி, விரலால் தடவ ஒரே சீராகப் பரவியது. தோலின் நிறம் அங்கங்கே தெரியும் அளவு மெல்லிய பூச்சு போதும். அதிகம் பூசினால் மெழுகு மேடுகட்டி, கத்தி தோலைத் தொடாமல் மெழுகின் மேல் வழுக்கிப் போகும்.

முதலில் பழைய கார்பன் எஃகுக் கத்தி. முதுகு முன்னே, கூர் பின்னே, எடையே போடாமல் இழுத்தேன். சில இழுப்புகளிலேயே பச்சையின் மேல் கறுப்புக் கோடுகள் விழுந்தன. அது எஃகின் தூள், அதாவது பசை கடிக்கிறது. கை முடி உதிர்ந்தது, மெல்லிய தாள் ஓசையே இல்லாமல் பிளந்தது. இந்தக் கத்தியைப் பொறுத்தவரை தேடல் முடிந்தது.

ஜனவரி 14

மடக்குக் கத்தி வேறு கதை. அதன் எஃகு எஸ்30வி என்ற ரகம், அதில் 4 சதவீதம் வெனேடியம் என்ற உலோகம். பச்சையில் இழுத்துக்கொண்டே இருந்தேன். பக்கங்கள் கண்ணாடியாக மின்னின, கூர் மட்டும் பெரிதாக மாறவில்லை.

காரணம் எஃகுக்குள் இருக்கிறது. வெனேடியம், கார்பனோடு சேர்ந்து வெனேடியம் கார்பைடு ஆகிறது. கடினத்துக்கான இன்னோர் அளவான விக்கர்ஸில் அது 2500-ஐத் தாண்டும். அலுமினியம் ஆக்சைடு 2000-ஐ ஒட்டித்தான். மோஸ் அளவில் குரோமியம் ஆக்சைடு அதைவிடவும் சற்று மெது. அதனால் பச்சைப் பசை கார்பைடைச் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்கிறது, கார்பைடை அப்படியே விட்டுவிடுகிறது. சாதாரண கார்பன் எஃகில் இருப்பது இரும்புக் கார்பைடு. அது ஏறக்குறைய 1000 தான், பச்சைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஜனவரி 20

அந்தக் கார்பைடைவிடக் கடினமான வைரத்தின் பசை வந்தது, 1 மைக்ரான். 6, 3, 0.5, 0.25 என்றெல்லாமும் கிடைக்கிறது. 0.25 சவரக்கத்திக்குச் சரி. வெட்டுக்கத்தியில் அதைப் பூசுவது ஆசைக்கு வேண்டுமானால் செய்யலாம்.

இதைப் பச்சை பூசிய தோலில் போடக்கூடாது. தனிப் பலகை, தனித் தோல். சொட்டுச் சொட்டாக வைத்துத் தடவினேன். வைரம் எண்ணெயில் குழைந்து வருவதால் மெழுகுத் தொல்லை இல்லை. மடக்குக் கத்தியில் இன்றுதான் வித்தியாசம் தெரிந்தது. தாளின் நடுவில் கத்தியை அழுத்தாமல் வைத்து இழுத்தால் வளைவாகவும் வெட்டுகிறது.

ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கத்தியைத் துணியால் துடைத்தாக வேண்டும். நுண்மையான பலகையில் ஒரு பெரிய துகள் ஏறிவிட்டால் அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

ஜனவரி 27

நண்பர் கயிறு அறுக்கும் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். “மச்சி, இதையும் அந்த வைரத்துல போட்டுக் கொடு” என்றார். மறுத்துவிட்டேன். கயிறு, நார் மாதிரியானவற்றுக்குக் கூரில் கொஞ்சம் நுண்பல் இருக்க வேண்டும், கண்ணாடியாக்கினால் வழுக்கும். தீட்டும்போது கூரில் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு இழைதான் பிசிறு. அதைக் கல்லிலேயே எடுத்து, பச்சையில் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துக் கொடுத்தேன். கல் விட்டுச்சென்ற பல் அப்படியே இருக்கும், மிச்சம் தொங்குகிற பிசிறு மட்டும் போகும். பெரிய பிசிறைப் பசையால் எடுக்கப் பார்ப்பது வீண்வேலை. அது இப்படியும் அப்படியும் மடங்கிக் கடைசியில் ஒடியும், ஒடிந்த இடம் மழுங்கலாக நிற்கும்.

பிப்ரவரி 3

பச்சைத் தோல் முழுக்கக் கறுத்துவிட்டது. கறுப்பானதும் சுரண்டி எறியத் தேவையில்லை, கடிக்கிற வரை பயன்படுத்தலாம். இன்று பளபளவென்று மெழுகேறிக் கத்தி வழுக்க ஆரம்பித்ததால், துணியில் இரண்டு சொட்டு மினரல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, புதிதாகப் பூசினேன். வைரப் பலகையைத் தொடவில்லை, அதற்கு இன்னும் நாளாகும். பலகைகளின் பின்னால் “பச்சை”, “வைரம் 1” என்று எழுதி, தூசி படாமல் தனித்தனி உறையில் போட்டாயிற்று. அடுத்து 3 மைக்ரான் வாங்கலாமா என்று யோசனை. கல்லில் 1000-க்கு மேல் போகச் சோம்பலாக இருக்கும் நாட்களுக்கு அது உதவும்.