மூன்றாம் நாள் கைமாறிய படம்

1949-இல் வந்த 'நாட் வான்டட்' என்ற அமெரிக்கப் படத்தை முதல் முறை பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பியானோக்காரனைச் சகிக்க முடியவில்லை. கதாநாயகி சாலி அவனை நம்பி வீட்டைவிட்டு வருகிறாள், அவனோ வாய் நிறைய விரக்தி வசனம் பேசிவிட்டு நழுவிவிடுகிறான். நேற்றிரவு பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டேன். தாண்டியது நல்லதாகப் போயிற்று.

படத்தின் இயக்குநர் என்று திரையில் வருவது எல்மர் கிளிஃப்டனின் பெயர். படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே அவருக்கு மாரடைப்பு. கதையில் பங்கெடுத்து, படத்தைத் தயாரித்துக்கொண்டும் இருந்த நடிகை ஐடா லுபினோ மிச்சத்தை எடுத்து முடித்தார், தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் இயக்குநரானது இப்படித்தான்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள். சினிமாவில் பிரசவம் வந்தாலே எனக்குச் சிரிப்பு வரும்: ஓர் அலறல், கதவுக்கு வெளியே நடைபோடும் ஓர் ஆண், அடுத்த ஷாட்டில் குளித்துப் பவுடர் போட்ட குழந்தை. இந்தப் படத்தில் சிரிப்பு வரவில்லை. சாலியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கேமரா அவள் கண்ணாகிவிடுகிறது. மேலிருந்து குனியும் முகங்களை நாமும் படுத்தபடியே பார்க்கிறோம். எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், அந்த விட்டத்தை ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. முகமூடிக்கு மேலே என் கண்கள் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நேற்றுதான் யோசித்தேன்.

மணமாகாத தாய்மார்களுக்கான இல்லத்தில் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்கள். அங்கே படம் பாடம் நடத்துகிறது. ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில் இப்படி ஒரு கதையை எடுக்க அந்த உபதேசம் தேவைப்பட்டிருக்கலாம், ஆனாலும் அலுப்பு அலுப்புதான். குழந்தையைத் தத்துக் கொடுத்தபின் சாலியிடம் வரும் வெறுமைக்கு மட்டும் யாரும் விளக்கம் சொல்லவில்லை. தெருவில் தள்ளுவண்டியில் கிடக்கும் யாரோ பெற்ற குழந்தையை அவள் தூக்கிக்கொண்டு நடப்பதற்கும் வசனம் கிடையாது. படம் தொடங்குவதே அங்கேதான்.

அவளை விரும்பும் டுரூ போரில் காலை இழந்தவன், வீட்டில் பொம்மை ரயில் ஓட்டுகிறவன். கடைசியில் சாலி ஓட, செயற்கைக் காலோடு அவன் துரத்துகிறான். படி, பாலம் என்று நீண்டுகொண்டே போகிறது. கதைக்கு இவ்வளவு நீளம் தேவையே இல்லை. ஆனால் அவன் இழுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் எண்ணிவிடலாம்போல இருக்கிறது. முடியாமல் விழுகிறான். அவள் நின்று, திரும்பி வருகிறாள்.

அந்தத் துரத்தலை மட்டும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். பியானோக்காரன் பக்கம் போகவில்லை.