சட்டித் தயிரும் தோலகட்டி வைனும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முந்திரிகைப் பந்தல் இருக்கிறது; முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையை. செம்மண், அடியில் சுண்ணாம்புக்கல், இறைப்புக்குக் கிணற்றுத் தண்ணீர். கவ்வாத்துப் பண்ணி ஏறக்குறைய 4 மாதத்தில் குலை வெட்டலாம். மாரி மழை பழுத்த குலையில் விழுந்தால் பழம் வெடித்துவிடும் என்பதால் அப்பா நாள் பார்த்துத்தான் கத்தரிக்கோலை எடுப்பார். ஆனி மாதம் நான் மட்டக்களப்புக்குப் புறப்பட்டபோது குலைகள் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாகத் தொங்கின. நண்பன் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. தோலகட்டி வைன் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டேன்.

தோலகட்டி, வசாவிளான் பக்கம். 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் ஆசிரமம் அங்கேதான். செபம், மௌனம், கைவேலை என்று வாழ்கிற துறவிகள். அவர்களுடைய நெல்லிரசத்தைக் குடிக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை குறைவு. வைனும் அதே கைகளிலிருந்து வருவது, நல்ல இனிப்பு. பெருநாளுக்குக் கேக்கோடு சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்களே, அந்த வகை.

இரவு பஸ். "மட்டக்களப்பில் பாயோடு ஒட்ட வைச்சுப் போடுவாங்கள்" என்று அப்பம்மா சொல்லி அனுப்பினார். யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை அது. போன ஆள் திரும்பி வருவதில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். அங்கே இரண்டு நேரம் சாப்பிட்ட எவருக்கும் அது ஏன் என்று விளங்கும்.

விடியும்போது கல்லடிப் பாலத்தில் நின்றோம். 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலம்; பக்கத்தில் 2013 இல் திறந்த புதியது. முழுநிலவு இரவில் இந்தப் பாலத்தடியில்தான் மீன் பாடும் என்பார்கள். நான் போனது நிலவில்லாத நாள். ஆனால் வாவியில் ஒரு தோணி, அதில் நின்றபடி ஒருவர் வீச்சுவலையை விரிக்கிறார். வலை வட்டமாக விழுந்த அந்தச் சின்னச் சத்தம் பாலத்துக்கு மேல் வரை கேட்டது.

சந்தையில் நண்டு வாங்கினோம். வாவி நண்டு, காலும் கொடுக்கும் கயிற்றால் கட்டியபடி. பெரியவை பெரும்பாலும் கொழும்புக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போய்விடுகின்றன. உலகம் முழுக்க விரும்பித் தின்னும் 'சிறிலங்கா நண்டு' பிறந்த தண்ணீரில் அதைச் சாப்பிட விடியவே சந்தைக்கு வரவேண்டும். விற்ற ஐயா வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் அமத்திக் காட்டினார். ஓடு இளகினால் உள்ளே தண்ணீர்தான். கல்லுப்போல் இருந்தால் சதை. கையில் தூக்கினால் உருவத்தைவிடப் பாரமாக இருக்கவேண்டும். ஆறு எடுத்தோம்.

அப்புறம் மோட்டார் சைக்கிளில் படுவான்கரைக்கு. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே படுகிற பக்கம் படுவான்கரை. இப்படிப் பெயர் வைத்த ஊரை விரும்பாமல் எப்படி இருப்பது? முன்பு மண்முனையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். 2014 இல் பாலம் வந்துவிட்டது. பாலம் கடந்ததும் வயல், வயலுக்கு அப்பால் குளம், குளத்தில் கழுத்தளவு மூழ்கிக் கிடக்கும் எருமைகள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் தயிர் போடுவதைப் பார்க்க இருத்தினார்கள். எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம், பசுப்பாலில் 4 வீதம் அளவுதான். வித்தியாசம் அங்கேயே தொடங்குகிறது. பாலை விறகடுப்பில் நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, சட்டிகளில் ஊற்றி, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை வைக்கிறார்கள். பிறகு ஓர் இரவு அசைக்காமல் விடவேண்டும். "சட்டிதான் மனே தண்ணியக் குடிக்கிற" என்றார் அந்த வீட்டு அம்மா. புதுச் சட்டியின் மண் பாலிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளத் தயிர் இறுகிவிடுகிறது. சட்டியைச் சரித்துக் காட்டினார். ஒரு சொட்டும் நகரவில்லை. மேலே ஆடை, இளமஞ்சளாக. பிளாஸ்டிக் கோப்பையில் விற்கிற தயிரில் இது நடக்கவே நடக்காது. அதைத் தயிர் என்று சொல்வதற்கே எனக்கு இனி மனம் வராது.

இந்த மாவட்டத்தில் பாலைப் பற்றிப் பேசினால் மேய்ச்சல்தரையைப் பற்றியும் பேசவேண்டும். மயிலத்தமடு, மாதவணையில் தங்கள் மேய்ச்சல் நிலம் பறிபோவதை எதிர்த்து 2023 செப்ரெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். புல் இல்லாமல் பால் இல்லை, பால் இல்லாமல் இந்தச் சட்டி இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

மத்தியானம் நண்பனின் அம்மா நண்டை ஆக்கினார். உள்ளி, மிளகு, சீரகம் இடித்துப் போட்டு, தேங்காய்ப் பால் விட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கை இலை. பக்கத்தில் மீன் பாலாணம். நாங்கள் குழம்பு, சொதி என்பதை இங்கே ஆணம் என்கிறார்கள். மிகப் பழைய தமிழ்ச் சொல்லைக் கேட்கிற மகிழ்ச்சி எனக்கு. "எங்கட வீட்டு முந்திரிகையில..." என்று நான் தொடங்க, அவர் கஜுவை, அதாவது முந்திரிக் கொட்டையை, நினைத்து "அது இஞ்சயும் இருக்கே மனே" என்றார். பழத்தை விளக்கி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சரி, வைன். நண்டோடு அது சேரவில்லை. உறைப்பு ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம் என்று நாக்கில் இரண்டும் தனித்தனியாக நின்றன. நண்டுக்குச் சரியான துணை நண்பன் காலையில் தவறணையில் வாங்கி வந்த தென்னங்கள்ளுத்தான். காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் உடனேயே வேலையைத் தொடங்குவதால், விடிய இனிப்பாக இறங்கும் கள்ளு மத்தியானத்துக்குள் புளிப்பேறிவிடுகிறது. மறுநாள் வைத்தால் வினாகிரியின் வழிக்குப் போய்விடும். நாங்கள் குடித்த நேரம் நடுவில்: இனிப்பு கொஞ்சம், புளிப்பு கொஞ்சம், மெல்லிய நுரை. தேங்காய்ப் பாலின் கொழுப்பை அது கழுவிவிட, அடுத்த கவளத்துக்கு நாக்கு புதிதாகியது. கறியிலும் தென்னை, கிளாஸிலும் தென்னை.

கடைசியில் தயிர். வழக்கமாகத் தேன் அல்லது பாணி விட்டுச் சாப்பிடுவது. "மறுகா இதையும் ஒருக்கா விட்டுப் பார்ப்பம்" என்று அம்மா தோலகட்டிப் போத்தலைத் திறந்து, என் கோப்பைத் தயிருக்கு மேல் இரண்டு கரண்டி விட்டார். வெள்ளைத் தயிரில் ஊதா நிறம் மெல்ல இறங்கியது. முதல் வாயிலேயே நான் பேச்சை நிறுத்திவிட்டேன். தயிரின் புளிப்பு வைனின் இனிப்பைப் பிடித்துக்கொண்டது. ஆடையின் கொழுப்பு இரண்டையும் உருண்டையாக்கியது. பின்னால் முந்திரிகைப் பழத்தின் வாசம் தனியாக எழுந்தது, எங்கள் பந்தலடியில் ஆவணி மாதத்தில் வீசுகிற அதே வாசம். மேலே வறுத்த கஜுவை உடைத்துப் போட்டு இரண்டாவது கோப்பையும் சாப்பிட்டேன். நண்பன் மூன்று.

அடுத்த நாள் காத்தான்குடி. நடுவீதியில் பேரீச்சை மரங்கள், இரு பக்கமும் கடைகள், ஒரு கிலோ மஸ்கட் இனிப்பு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இங்கே சொல்வார்கள். நண்பனின் அம்மா இருபது வருடமாக ஒரே கடையில்தான் பெருநாள் இனிப்பு வாங்குகிறாராம். கடைக்காரர் அவருடைய பெயரைச் சொல்லி நலம் விசாரித்துவிட்டுத்தான் இனிப்பை நிறுத்துத் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் தயிர்ச் சட்டியை இரவு முழுக்க மடியில் வைத்திருந்தேன். வீட்டில் அப்பா பந்தலடியில் நின்றபடியே இரண்டு கரண்டி சாப்பிட்டார். அண்ணாந்து குலைகளைப் பார்த்தார்.

"ஆவணியில வெட்டுவம்" என்றார். "பழமாவே கொண்டு போ. அந்த அம்மா இதை ருசி பார்க்க வேணும்."