நிலாவுக்குப் போனவளின் பாட்டு: மூன்றாவது வடிவம்

சீனப் பழங்கதையில் நிலாவுக்குப் போகும் சாங்-அவை வைத்து ஒரு பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரிதான் மெட்டு ஒரு நிலைக்கு வந்தது.

வானத்தில் பத்துச் சூரியன் ஒன்றாக எரிந்தபோது வில்லாளி ஹோ யி ஒன்பதை வீழ்த்தினான். அவனுக்குக் கிடைத்த சாவா மருந்தை மனைவி சாங்-அ குடித்துவிட்டு நிலாவுக்கு மிதந்து போனாள். திருடிக் குடித்தாள் என்பது பழைய கதை. அவன் சீடன் பறிக்க வந்ததால் வேறு வழியில்லாமல் குடித்தாள் என்பது பின்னால் வந்தது. முதல் வடிவத்தில் இத்தனையையும் பாட்டுக்குள் திணித்தேன். நான்கு சரணமும் கதை சொல்வதிலேயே போயிற்று, அவள் மனசு எங்குமே வரவில்லை.

இப்போது பாட்டில் ஒரே ஒரு இரவு. சீன நாட்காட்டியில் எட்டாம் மாதத்துப் பௌர்ணமி. ஹோ யி முற்றத்தில் அவளுக்குப் பிடித்த பழமும் பலகாரமும் வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறான். முதலில் அவன் பாடுகிறான், பிறகு அவள்.

சீன இசையில் கோங் முதல் யூ வரையான ஐந்து ஸ்வரங்களும் நம் மோகனத்தின் ச ரி க ப த தான். அதனால் அவன் பகுதி மோகனம். அவளுக்கு வேறு ராகம் தேடி இரண்டு வாரம் அலைந்தேன், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் கிரகபேதம் செய்து, அதாவது அதே ஸ்வரங்களில் வேறொன்றை ஷட்ஜமாக்கி, பார்த்தேன். மோகனத்தின் தைவதத்தை (த) ஷட்ஜமாக (ச) வைத்தால் சுத்த தன்யாசி ராகம். அதே ஐந்து கட்டைகள், ஆனால் நிற்கும் இடம் மாறிவிடுகிறது. அவள் நிலைமையும் அதுதானே!

ஆனால் பதிவு செய்து கேட்டால் அவள் பாடுவதும் மோகனமாகவே காதில் விழுந்தது. தம்புரா பழைய ஷட்ஜத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். அவன் கடைசி வரி முடிந்ததும் தம்புராவை முழுக்க நிறுத்தி, ஒரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) மௌனமாக விட்டு, புதிய ஷட்ஜத்தில் மெல்ல எழுப்பினேன். அப்போதுதான் அவள் வந்தாள்.

*உன் முற்றத்தில் விழும் வெளிச்சம் நான்,*
*விளக்கை அணைத்துவிட்டு வெளியே வா.*

இந்த இரண்டு வரியை இனி மாற்றமாட்டேன்.

கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, குறைத்துவிட்டேன். காந்தாரத்தை (க) அசைத்தால் கச்சேரி வாசனை வந்துவிடுகிறது. பதிலாக, கு-செங் என்ற சீனத் தந்தி வாத்தியத்தில் இடது கையால் தந்தியை அழுத்தி ஸ்வரத்தை வளைப்பார்களே, அதைக் கீபோர்டின் வளைப்புச் சக்கரத்தில் வாசிக்கிறேன். வரியின் கடைசி ஸ்வரத்துக்கு மட்டும்.

தாளத்துக்கு நிலா முயல். அது அங்கே உரலில் மருந்து இடிக்கிறது. (மதிக்குள் முயலைச் சங்கப் புலவர்களும் பார்த்திருக்கிறார்கள்.) வீட்டு இடிகல்லைத் தட்டிப் பதிவு செய்து மூன்று அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) ஒருமுறை வைத்தேன். அதே நிலாவில், வெட்ட வெட்ட வெட்டுக்காயம் ஆறிவிடும் மரத்தை ஓயாமல் வெட்டும் வூ காங் என்பவனின் கோடாரி நான்குக்கு ஒருமுறை. இரண்டும் பன்னிரண்டில் சேரும் இடத்தில் அவள் பெயரை வைத்திருக்கிறேன். கோடாரிச் சத்தம் இன்னும் கூர்மையாக இருக்கிறது, குறைக்க வேண்டும்.

இடையிசை பாக்கி. அந்த எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் நடு இலையுதிர் விழா 2026-இல் செப்டம்பர் 25. அன்று மொட்டை மாடியில் முழுதாகப் பாடிப் பார்க்கவேண்டும்.